பிரேக் இல்லாதவனைப் பற்றி அரைப்பக்கம்

கார்ப் பந்தயத்துக்கு வருகிற சனம் காரைப் பார்க்கத்தான் வருகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சுவிஸில், சோலோதுர்ன் நகரிலிருந்து இருபது நிமிடம் காரில் போனால் ஒரு சின்ன ஊர். அறுவடை முடிந்த கோதுமை வயலில் அந்த ஊர்க் கழகம் வருடத்துக்கு ஒரு முறை, ஓகஸ்ட் மாதத்தில், ஸ்டொக் கார் பந்தயம் நடத்தும். நான்கு வருடங்கள் போய்ப் பார்த்திருக்கிறேன். எல்லாம் பழைய இரும்புக்குப் போகவேண்டிய கார்கள். கண்ணாடிகளைக் கழற்றி, உள்ளே இரும்புக் குழாயால் கூடு கட்டி, கதவுகளை வெல்டிங்கில் ஒட்டிவிட்டு ஓடுவார்கள். ஒருவரை ஒருவர் இடிக்கலாம். வயலுக்குத் தண்ணீர் அடித்து வேண்டுமென்றே சேறாக்கி வைத்திருப்பார்கள். மூன்று சுற்று முடிவதற்குள் எல்லாக் கார்களும் ஒரே மண் நிறமாகிவிடும். எது யாருடையது என்று பெற்ற தாய்க்கும் தெரியாது. ஆனாலும் சனம் தொண்டை கிழியக் கத்தும். உள்ளே இருக்கிறவனுக்காகத்தான் அந்தக் கத்தல்.

ஒரு இறைச்சிக்கடைக்காரர் தன் காரின் கூரையில் பிளாஸ்டிக் பன்றி ஒன்றைக் கட்டிக்கொண்டு வருவார். நான் பார்த்த எந்த வருடமும் அவர் ஓட்டத்தை முடித்ததில்லை. பன்றி விழுந்ததா இல்லையா என்று பார்க்கப் பிள்ளைகள் வேலியில் தொங்கிக்கொண்டு நிற்பார்கள். கூரை வேயும் வேலைக்காரர் ஒருவர் இருந்தார். எல்லோரையும் பின்னாலிருந்து இடிப்பார், யாருக்கும் கை கொடுக்க மாட்டார். அவருடைய இலக்கத்தைச் சொன்னவுடன் வயல் முழுவதும் ஊளையிடும். அவர் இரண்டு கைகளையும் விரித்து அதை வாங்கிக்கொள்வார். பந்தயம் முடிந்ததும் அதே சனம் அவருக்குப் பியர் வாங்கிக் கொடுக்கும். சீஸ் செய்கிற ஒரு பெண் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் காரின் பொனற்றில் ஏறி நின்று, நாடகம் முடிந்தது போலக் குனிந்து வணங்குவாள். முதல் வருடம் வென்றவர் யார் என்று இன்று என் கழுத்தைப் பிடித்துக் கேட்டாலும் எனக்குச் சொல்லத் தெரியாது. அந்தப் பெண்ணின் வணக்கம் நினைவிருக்கிறது.

வென்றவருக்குச் சின்னக் கிண்ணம் ஒன்று கொடுப்பார்கள். பெரிய பரிசு வேறு. கடைசியில் ஓட்டுநர்களை ஒவ்வொருவராக வைக்கோல் வண்டியில் ஏற்றுவார்கள். யாருக்குச் சத்தம் அதிகமோ அவருக்குப் பூசணிக்காய் அளவில் ஒரு மாட்டுமணி. எல்லோருக்கும் அந்த மணியில்தான் கண்.

என் மனைவியின் தம்பி இதற்குள் வந்தது தற்செயல். அவன் ஒரு கராஜில் நெளிந்த கார்களை நிமிர்த்தி ஒட்டுகிற வேலை செய்தான். கராஜ் முதலாளி வருடாவருடம் பந்தயத்துக்கு ஒரு கார் விடுவார். அந்த வருடம் வழக்கமாக ஓட்டுகிறவருக்குக் கணுக்கால் முறிந்துபோயிற்று. காருக்குள் இரும்புக் கூட்டை ஒட்டியவன் என் மச்சான் என்பதால், நீயே ஓட்டிப் பாரேன் என்று முதலாளி கேட்டார். மச்சான் இயல்பிலேயே நிதானக்காரன். ஐம்பதில் போகவேண்டிய தெருவில் நாற்பத்தெட்டில் போவான். வயலிலும் அப்படியே ஓட்டினான். இடைவெளி வரும்வரை காத்திருப்பான், பிரேக் பிடிப்பான், மெல்ல நழுவிப் போவான். அன்று முழுவதும் ஒருவரையும் இடிக்காமல் மூன்றாவதாக வந்தான். ஒலிபெருக்கியில் பேசியவருக்கு அவனுடைய நீளப் பெயர் வாயில் வரவில்லை. "கராஜிலிருந்து வந்திருக்கும் அந்த இருபத்தேழாம் இலக்கக்காரர்" என்று சொல்லி முடித்துவிட்டார்.

அன்று சாப்பிடும்போது மச்சானின் முகம் தொங்கிப்போயிருந்தது.

"என்ன அத்தான், மூண்டாவதா வந்தனான். ஒருத்தரும் திரும்பியும் பாக்கேல்லை."

"முழுசா வந்தாய் எல்லே, அது காணும்" என்றாள் என் மனைவி.

அவள் சொன்னதோடு நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டும்.

பந்தய நாள் காலைக்குள் ஒவ்வொரு ஓட்டுநரும் தன்னைப் பற்றி அரைப்பக்கம் எழுதிக் கொடுக்க வேண்டும். கார்கள் வரிசையில் நிற்கும்போது அதை ஒலிபெருக்கியில் வாசிப்பார்கள். வாசிப்பவர் ஓய்வுபெற்ற பால் லொறி ஓட்டுநர். கனிந்த குரல், நல்ல மனிதர். அடுத்த வருடம் மச்சான் எழுதி வைத்திருந்ததைப் பார்த்தேன். "நான் கராஜில் வேலை செய்கிறேன். எனக்குக் கிரிக்கெட் பிடிக்கும்." எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இதற்கு எவன் கத்துவான்? கொண்டா, நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

எனக்கு அதில் பெயர் இருந்தது. அகதி முகாமில் இருந்த காலத்தில் ஆட்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். 'கேஸ்' என்று நாங்கள் சொல்வது, ஏன் நாட்டை விட்டு ஓடிவந்தோம் என்று விசாரணையில் சொல்லவேண்டிய கதை. எதை முதலில் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தி மூச்சு விடுவது, எந்தக் காயத்தை எப்போது காட்டுவது, எல்லாம் எனக்கு அத்துப்படி. மற்றவர்களுடைய கேஸ்கள் வென்றன. என்னுடையது தோற்றது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

என் அண்ணாவின் கதைதான் என் கேஸ். ஷெல் அடி நடந்துகொண்டிருந்தபோது அண்ணா ஒரு உழவு மெசினின் பின்னால் பூட்டிய பெட்டியில் காயக்காரரை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். மெசினுக்குப் பிரேக் கிடையாது. வேகத்தைக் குறைக்க வேண்டுமென்றால் மண் அணையில் சக்கரத்தை உரசவிடுவார். இரண்டு தரம் போய் வந்தார். மூன்றாம் தரம் போனவர் வரவில்லை. இதை நான் விசாரணையில் மூன்று மணித்தியாலம் சொன்னேன். எத்தனை மணிக்குப் போனார், எந்தத் தெரு, பெட்டியில் எத்தனை பேர் என்று துருவித் துருவிக் கேட்டார்கள். பல மாதம் கழித்து வந்த கடிதத்தில், சொன்னவை நம்பத்தக்கவையாக இல்லை என்று எழுதியிருந்தது. எனக்கு இங்கே இருக்க அனுமதி கிடைத்தது பல வருடங்களுக்குப் பிறகு, வேறு வழியில். அண்ணாவின் கதையை அதன்பிறகு நான் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு மட்டும் தெரியும்.

மச்சானுக்காக எழுத உட்கார்ந்தபோது என் கை தானாக அந்தப் பழைய கோப்பைத்தான் எடுத்தது. விசாரணைப் பதிவு அதில் ஜெர்மனில் இருந்தது. மொழிபெயர்ப்பாளர் சொல்லச் சொல்ல அதிகாரி தட்டெழுதியது. எவ்வளவு சுத்தமான ஜெர்மன்! நான் செய்ததெல்லாம் 'என் அண்ணன்' என்ற இடங்களில் 'நான்' என்று மாற்றியதுதான். மூன்றாம் தரம் போனதையும் வெட்டினேன். மச்சான் உயிரோடு இருக்க வேண்டுமே. கொழும்பில் பிறந்து, ஆறு வயதில் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு விமானத்தில் வந்திறங்கிய பிள்ளை அவன். ஷெல் சத்தத்தைத் தொலைக்காட்சியில்தான் கேட்டிருக்கிறான். நான் நீட்டிய தாளை வாசிக்காமலே கையெழுத்துப் போட்டான். அத்தான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்ற நம்பிக்கை.

பால் லொறிக்காரர் அதை வாசித்தபோது வயல் அப்படியே அமைதியானது. பியர்க் கூடாரத்தில் குவளைகள் முட்டுகிற சத்தம்கூட நின்றது. "பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிப் பழகிய இந்த மனிதர் இன்று உங்களுக்காக ஓட்டுகிறார்" என்று அவர் தன் பங்குக்கு ஒரு வரியைச் சேர்த்து முடித்தார். பிறகு எழுந்தது பாருங்கள் ஒரு சத்தம். உட்கார்ந்திருந்த வாங்குப் பலகைகளைக் காலால் உதைத்தார்கள். யாரோ ஒருவர் தொடங்கிவைக்க, எல்லோருமாக "ஓனி ப்ரெம்ஸே, ஓனி ப்ரெம்ஸே" என்று கத்தினார்கள். அவர்களுடைய சுவிஸ் ஜெர்மனில், பிரேக் இல்லாதவன்.

நான் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அண்ணாவை நம்பிவிட்டார்கள். ஒரு திகதி கேட்கவில்லை, ஒரு தெருப் பெயர் கேட்கவில்லை. மச்சான் பேசுகிற சுவிஸ் ஜெர்மனைக் கேட்டாலே இவன் சின்ன வயதில் வந்தவன் என்று தெரியும். ஒருவரும் அதை யோசித்துப் பார்க்கவில்லை. அத்தனை சனம் ஒரேயடியாக நம்பியது.

அன்று மச்சான் ஏழாவதாக வந்தான். மாட்டுமணி அவனுக்குத்தான். பந்தயம் பார்க்க வந்திருந்த எங்கள் ஆட்கள் நாலைந்து பேர் என் தோளில் தட்டினார்கள். "அண்ணை, இந்தக் கேஸ் வெண்டிட்டுது" என்று ஒருவர் கண்ணடித்தார். நானும் சிரித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் மச்சான் கேட்டான்.

"அத்தான், அது ஆரின்ரை கதை?"

"ஆரின்ரையோ கதை. சனத்துக்குப் பிடிச்சிருக்கு எல்லே, விடு."

மனைவி காரின் பின் இருக்கையில் இருந்தாள். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகுதான் என்னிடம் வெடித்தாள். "செத்த மனிசனை ஏன் இழுக்கிறியள்? என்ரை தம்பிதான் கிடைச்சவனோ உங்களுக்கு?"

அடுத்த வருடம் சனம் இன்னும் கூடியது. ஒரு குடும்பம் படுக்கை விரிப்பு ஒன்றில் அவனுடைய இலக்கத்தைப் பெரிதாக எழுதிக்கொண்டு வந்தது. கராஜ் முதலாளி அவனுடைய படத்தைச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டினார். அந்த வருடம்தான் ஒன்று என் காதில் விழுந்தது. வளைவில் மச்சான் வேகத்தைக் குறைத்தால், பார்த்துக்கொண்டிருந்த சனம் முழுவதும் "ஊ..." என்று ஏமாற்றத்தோடு இழுத்தது. பிரேக் இல்லாதவன் பிரேக் பிடிக்கலாமா? மூன்றாவது ஓட்டத்தில் அவன் குறைக்கவில்லை. கூரைக்காரரின் காரில் போய் இடித்தான். சனம் தலையில் தூக்கி வைத்து ஆடியது. நெஞ்சுக்குக் குறுக்கே பெல்ற் அழுத்திய இடம் நீலமாகக் கன்றிப்போய், இரண்டு கிழமை அவனால் இருமக்கூட முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு ஓட்டத்தில் அக்கறையே இல்லாமல் போயிருந்தது. நேரத்தோடு போய் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் இடம் பிடிப்பேன். வாசித்து முடிந்ததும் என் பந்தயம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு அவன் எப்படி ஓட்டினான், எங்கே இடிபட்டான் என்று மற்றவர்கள் சொல்லித்தான் தெரியும்.

நான்காம் வருடம், பந்தயத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது மச்சான் என்னைத் தேடி வேலையிடத்துக்கே வந்தான். நான் ஆஸ்பத்திரிச் சலவைப் பகுதியில் வேலை செய்கிறேன். துணி வண்டிகளுக்கு நடுவில் நின்றுகொண்டு பேசினான். அதற்கு முதல் நாள் ஒரு சுவிஸ்காரப் பெண் தன்னுடைய வயதான தகப்பனையும் கூட்டிக்கொண்டு கராஜுக்கு வந்திருக்கிறாள். இவனுடைய கையைப் பிடித்துக்கொண்டு, நீங்கள் காப்பாற்றிய அந்தக் காயக்காரர்களை நான் நினைத்துக்கொள்வேன் என்று அழுதாளாம்.

"எனக்கு முகத்தை எங்கை வைக்கிறதெண்டு தெரியேல்லை அத்தான். அது என்ரை கதை இல்லை. இந்த முறை வாசிக்க வேண்டாமெண்டு சொல்லுங்கோ. நான் பழையபடி என்ரை பாட்டிலை ஓடீற்று வாறன்."

அவன் கேட்டது என்ன பெரிய காரியம்? தன் இஷ்டப்படி பிரேக் பிடிக்க அனுமதி கேட்டான், அவ்வளவுதான். நான் அவனுடைய கண்ணைப் பார்த்து, வாய் கூசாமல் பொய் சொன்னேன்.

"பேப்பர் குடுத்தாச்சு. இனித் திருப்பி வாங்கேலாது. இந்த ஒரு முறைதானே."

பேப்பர் என் ஜாக்கெற்றின் உள்பையில் இருந்தது. அந்த வருடம் புதிதாக ஒரு பத்தி சேர்த்திருந்தேன். பெட்டியில் போன காயக்காரரில் ஒரு தாயும் கைக்குழந்தையும் இருந்தார்கள், அவர்களைப் பற்றி. அதுவும் விசாரணையில் நான் சொன்னதுதான். அதையும் ஒரு தரம் சத்தமாகக் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு வெறி. வேறு சொல் இல்லை அதற்கு.

பந்தய நாளன்று காலை நான் வைக்கோல் வண்டிக்கு நடந்துபோய், தாளைப் பால் லொறிக்காரரின் கையில் கொடுத்தேன். பதினொரு மணிக்கு வாசித்தார். தாயும் பிள்ளையும் வந்த இடத்தில் அவருடைய குரலே தழுதழுத்தது. மச்சான் காருக்குள் ஹெல்மெற்றோடு நேராகப் பார்த்தபடி இருந்தான். ஓனி ப்ரெம்ஸே.

கடைசி ஓட்டத்தை மட்டும் நான் பார்த்தேன், வேறு போக்கிடம் இல்லாததால். கூரைக்காரரின் கார் வளைவில் குறுக்காக நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு கார் போகிற அளவு இடம் இருந்தது. பழைய மச்சான் என்றால் பிரேக் பிடித்து அந்த இடைவெளிக்குள்ளால் நழுவிப் போயிருப்பான். சனம் எழுந்து நின்றது. அவன் வேகத்தைக் கூட்டினான். இடித்தவுடன் அவனுடைய கார் பக்கவாட்டில் எழும்பி, இரண்டு தரம் உருண்டு, வயலோரத்து மண் அணையில் தலைகீழாகப் போய் நின்றது. அவன் ஒட்டிய இரும்புக் கூடு நெளியவே இல்லை. அவனுடைய கழுத்துத்தான் தாங்கவில்லை.

முதலில் எல்லோரும் கைதட்டினார்கள். அவன் வெளியே வருவான், கையை அசைப்பான் என்று காத்திருந்தார்கள். வரவில்லை. மருத்துவ உதவியாளர்கள் ஓடினார்கள். கைதட்டல் கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. காரைப் பிடித்துக்கொண்டு அவனை வெளியே எடுக்க நெடுநேரம் பிடித்தது. இவ்வளவு சனமும் சத்தமில்லாமல் நிற்பதைப் பால் லொறிக்காரரால் தாங்க முடியவில்லைப் போலும். நல்ல மனிதர் என்று சொன்னேனே. அவர் மைக்கை எடுத்து, "இந்த மனிதர் எதிலிருந்தெல்லாம் தப்பி வந்தவர் என்று நினைத்துப் பாருங்கள்" என்று சொல்லிவிட்டு என்னுடைய தாளை முதல் வரியிலிருந்து மறுபடி வாசிக்கத் தொடங்கினார். அவனைத் தள்ளுகட்டிலில் கட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வயல் முழுவதும் என் அண்ணாவின் கதையைக் கேட்டுக்கொண்டிருந்தது. என் மனைவி இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு தம்பி தம்பி என்று கத்தியபடி ஓடினாள். நிறுத்தச் சொல்லி நான் கையைக் காட்டினேன். பால் லொறிக்காரர் என்னைப் பார்த்து, புரிகிறது என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மேலே வாசித்தார்.

அந்த வருடமும் மாட்டுமணி அவனுக்குத்தான். வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போனார்கள். என் மனைவி அதை வாங்கமாட்டேன் என்று உள்ளே போய்விட்டாள். நான் வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன்.

மச்சான் பிழைத்தான். நடக்கிறான். கழுத்தில் இரண்டு எலும்புகளைச் சேர்த்துத் தகடு வைத்திருக்கிறார்கள். வலது கைக்கு உணர்வு திரும்பவில்லை. விரல்கள் மடங்கும், ஆனால் எதைப் பிடித்திருக்கின்றன என்று அவற்றுக்குத் தெரியாது. ஒட்டு வேலைக்காரனுக்கு அந்தக் கைதான் எல்லாம். அது இனி வராது என்று டொக்ரர்மார் நேரடியாகவே சொல்லிவிட்டார்கள். கராஜில் அவனுடைய இடத்தில் இன்னொருவர் நிற்கிறார். படம் மட்டும் சுவரில் இருக்கிறதாம்.

புனர்வாழ்வு மருத்துவமனையில் அவன் இருந்த மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். மனைவி வேறு நாளில் போவாள். என்னோடு சேர்ந்து ஒரு காரில் அங்கே போக அவளுக்கு விருப்பமில்லை. அது எனக்கு விளங்கியது. ஒரு ஞாயிறு மதியச் சாப்பாட்டு நேரம். அவனுடைய தட்டில் இருந்த இறைச்சியை நான் சிறிது சிறிதாக வெட்டிக்கொண்டிருந்தேன். இனியும் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது.

"மச்சான், அண்டைக்குப் பேப்பர் குடுத்தாச்செண்டு சொன்னன் எல்லே. அது பொய். என்ரை ஜாக்கெற்றுக்குள்ளைதான் இருந்தது."

"தெரியும் அத்தான்."

வெட்டுவதை நிறுத்தினேன்.

"பந்தயத்தண்டு காலமை ஜாக்கெற்றைக் கழட்டி என்ரை ஹெல்மெற்றுக்கு மேலை வைச்சனியள். எடுக்கேக்கை பேப்பர் விழுந்தது. வாசிச்சுப் போட்டுத் திருப்பி வைச்சனான். நீங்கள் கொண்டுபோய்க் குடுக்க மாட்டியள் எண்டுதான் நினைச்சன்."

"கண்டனி எண்டால் என்னட்டை ஏன் கேக்கேல்லை? கிழிச்செறிஞ்சிருக்கலாமே!" எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யார்மீது எனக்கு அந்தக் கோபம் வந்தது என்று இன்றும் தெரியவில்லை.

அவன் இடது கையால் முள்ளுக்கரண்டியை எடுத்தான். அது வழுக்கியது. மறுபடி எடுத்தான்.

"அது உங்கட அண்ணா எண்டு அக்கா, வாசிச்ச முதல் வருசமே சொன்னவ. பிறகு நான் என்னண்டு அத்தான் கிழிக்கிறது? அதை வாசிக்கேக்கை நீங்கள் நிண்ட நிலையை நான் காருக்குள்ளை இருந்து பாக்கிறனான். இத்தனை வருசத்திலை உங்களை அப்பிடி நான் கண்டதே இல்லை."

அந்தக் கதை பொய்யாகிவிடக் கூடாதென்று எனக்காகத்தான் அவன் வேகத்தைக் கூட்டியிருக்கிறான். நான் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காத ஓட்டங்களிலும். எத்தனையோ பேருக்குக் கதை எழுதிக் கொடுத்தவனுக்கு, மன்னித்துக்கொள் என்ற ஒரு சொல் தமிழிலும் வரவில்லை, ஜெர்மனிலும் வரவில்லை.

"வெட்டுங்கோ அத்தான், ஆறப்போகுது" என்றான்.